பச்சையா, ஆரஞ்சா

என் கூடப் பிறந்த அண்ணன் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவான். கிண்டலுக்கு இல்லை, வாய் நிறைய மரியாதையோடு. "சொல்லுங்க மேடம்" என்பான். சின்ன வயதில் என் ஜடையைப் பிடித்து இழுத்துவிட்டு அம்மாவிடம் நல்ல பிள்ளையாக நிற்பானே, அதே அண்ணன்தான்.

இதற்கு ஆரம்பப் புள்ளி வைத்தவர் எங்கள் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மாநாடு. ஆபீஸில் ஒரு ஸ்டேப்ளர் காணாமல் போனால்கூட எல்லோரையும் போனில் ஒன்றாகக் கோத்துக் கூட்டம் போட்டுவிடுவார். அப்படி ஒரு கூட்டத்தில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்க, அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்கி மேடம் என்றான். அன்றைக்கு அது சபை மரியாதை. கூட்டம் முடிந்து நாங்கள் இருவர் மட்டும் லைனில் இருந்தபோதும் மேடம் என்றான். "என்ன புதுசா மேடம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் கிட்டத்தட்ட தினமும் பேசிக்கொள்வோம். எப்படி என்று சொல்கிறேன்.

எங்களுடையது பார்சல் கம்பெனி. நான் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கம்பெனியின் உயிரான மூன்று சர்வர்களும் இங்கே இல்லை. ரயிலில் அரை நாள் தள்ளி, நான் பிறந்த ஊரில், கம்பெனியின் பழைய கிடங்கில் இருக்கின்றன. மழை வந்தால் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்துவிடும் என்று அவற்றை நாலாவது மாடியில் ஏற்றி வைத்தார்கள். அந்தக் கிடங்கின் எலக்ட்ரீஷியன் என் அண்ணன். ஜெனரேட்டர், பேட்டரி, விளக்கு எல்லாம் அவன் பொறுப்பு. நாங்கள் நன்றாக இருந்த காலத்தில் நானே சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை.

சர்வர் என்பது எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர் கட்டி மேய்த்தாலும் சில நாள் விறைத்துக்கொண்டு நின்றுவிடும். அது உறைந்துவிட்டால் தூரத்திலிருந்து நான் என்ன தட்டினாலும் பதில் வராது. யாராவது நேரில் போய்ப் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்து, திரும்பப் போட வேண்டும். அந்த யாராவது, அண்ணன். சர்வர்களுக்கு நான் வைத்த எண்களை அவன் மதிக்கவே இல்லை. மூத்தவன், நடுவான், கடைக்குட்டி என்று அவனாகப் பெயர் வைத்துக்கொண்டான். கடைக்குட்டிதான் புதிது, அதுதான் அடிக்கடி மக்கர் பண்ணும்.

அந்த அறையில் மின்விசிறிகளின் இரைச்சல் காதைப் பிய்க்கும். முழு வாக்கியம் பேசினால் பாதி கூடக் கேட்காது. அதனால் எங்களுக்கு என்று ஒரு பாஷை வந்துவிட்டது. சர்வர் முகப்பு விளக்கு பச்சை என்றால் ஓடுகிறது, ஆரஞ்சு என்றால் உறைந்திருக்கிறது.

"பச்சையா, ஆரஞ்சா?"

"ஆரஞ்சு!"

"அமுக்கணும்!"

"அமுக்கிட்டேன்!"

"இப்ப?"

"பச்சை!"

அவ்வளவுதான். இதில் எங்கும் நீ கிடையாது, நீங்க கிடையாது. அவன் மேடம் என்றான், நான் அதற்கும் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் "போய்ப் பாக்கணும்", "பாத்தாச்சா?" என்று மொட்டையாகவே பேசினேன். கோபித்துக்கொண்டவர்களுக்கு நம் பாஷை தாராளமாக இடம் கொடுக்கிறது. முன்னால் நிற்கிறவர் யார் என்றே சொல்லாமல் வருஷக்கணக்கில் ஓட்டலாம்.

கோபம் அப்பா விஷயத்தில். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "சாதாரணக் காய்ச்சல்தான், நீ அலையாதே" என்று அண்ணன் போனில் சொன்னான். அந்த வாரம்தான் நான் இங்கிருந்தபடியே சர்வர்களின் சாஃப்ட்வேரை மாற்றிக்கொண்டிருந்தேன், சோறு தண்ணி இல்லாத வேலை. அதை அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான், அப்பா அவளைக் கலவரப்படுத்தாதே என்றிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு நல்லது செய்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு நான் அவனிடம் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும். பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

நாளாக நாளாகக் கோபம் தானாக வடிந்துவிட்டது. வீம்பு மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி காலி பண்ண மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் அவனிடம் "அண்ணா, எனக்குக் கோபமெல்லாம் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கடைக்குட்டி மக்கர் பண்ணும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பேன். பச்சை என்பான், சரி என்று வைத்துவிடுவேன்.

இங்கே தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒருவரை மாடி ஏற வைக்க வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஒரு சின்னக் கார்டு இருக்கிறது. அது சர்வருக்குள்ளேயே குடியிருக்கும் தனி ஆள். அதற்குக் கேபிள் சொருகத் தனி போர்ட், தனி முகவரி. சர்வர் செத்துக் கிடந்தாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அது விழித்திருக்கும். அதற்கு ஒரு தனி கேபிள் போட்டு, தனி இணைப்புக் கொடுத்துவிட்டால், எங்கிருந்தும் அதைக் கூப்பிட்டு சர்வரை அணைக்கலாம், போடலாம், திரையைக்கூடப் பார்க்கலாம். எங்கள் சர்வர்கள் வாங்கிய நாளிலிருந்தே அந்த போர்ட்கள் காலியாகக் கிடந்தன. மாநாடு கேட்கும்போதெல்லாம் பாதுகாப்பு ஆபத்து, செலவு, அடுத்த வருஷம் என்று ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். கேபிளைச் சொருகிவிட்டால் அண்ணனைக் கூப்பிட எனக்கு எந்தச் சாக்கும் இல்லை. இதை மாநாட்டில் சொல்ல முடியுமா?

பிறகு ஒரு நாள் மத்தியானம் கடைக்குட்டி உறைந்து நிற்க, அண்ணன் போனை எடுக்கவில்லை. லாரிகள் வரிசையில் நிற்கின்றன, சீட்டு அடிக்க முடியவில்லை, ஊர் ஊராகக் கிளைகளிலிருந்து திட்டு. வெகு நேரம் கழித்து எடுத்து, "மாத்திரை வாங்கப் போனேன் மேடம், போனை வச்சிட்டுப் போயிட்டேன்" என்றான். என்ன மாத்திரை என்று கேட்டேனா? இல்லை. பச்சையா என்று கேட்டேன். அன்று மாலையே மாநாடு கூடியது. இனி சாக்குப்போக்கு வேண்டாம், நேரில் போய் அந்தக் கேபிளைப் போட்டுவிட்டு வா என்று தீர்மானம் நிறைவேறியது.

போனேன். கிடங்கு வாசலில் அண்ணன் நின்றான். முன்பக்கம் நரைத்திருந்தது. "வாங்க மேடம், பிரயாணம் சௌகரியமா?" என்று என் பையை வாங்கிக்கொண்டான். படி ஏற ஆரம்பித்தோம். நான் இரண்டாவது மாடியில் திரும்பிப் பார்த்தால் அவன் இன்னும் முதல் மாடித் திருப்பத்தில் இருந்தான். கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மற்றதை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து ஏறினான். ஒவ்வொரு படிக்கும் இப்படி.

"லிஃப்ட் இருக்கே?" என்றேன்.

"அது சாமானுக்கு மேடம். மனுஷங்க ஏறக்கூடாதுன்னு எழுதியே போட்டிருக்கான்."

"முட்டியா?"

"கொஞ்சம் தேய்ஞ்சிருக்காம். ஏறி ஏறிப் பழகிடுச்சு, விடுங்க."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது. நான் போனை எடுத்தபோதெல்லாம் இந்தப் படிதான். பாதி நாள் நான் வேறு எதையோ சொல்லலாம் என்று கூப்பிட்டுவிட்டு, சொல்லாமல் வைத்துவிட, இவன் இப்படி ஏறி இறங்கியிருக்கிறான். இந்த வேலையை எப்போதோ செய்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் மனதாரத் தோன்றியது.

வேலையில் இறங்கினோம். மூன்று சர்வர்களின் முதுகிலும் அந்தத் தனி போர்ட்டைத் தேடி கேபிள் போட்டோம். மூன்றையும் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்சில் சேர்த்து, அதற்கு சிம் கார்டு போட்ட ஒரு தனி ரூட்டரும் வைத்தோம், கம்பெனியின் பெரிய இணைப்பு படுத்துவிட்டாலும் இந்த வழி திறந்திருக்க. ஒவ்வொரு கார்டுக்கும் சர்வரைச் செய்த கம்பெனிக்காரன் கொடுத்த பாஸ்வேர்டு, சர்வர் முகப்பில் இழுத்தால் வரும் ஒரு பிளாஸ்டிக் சீட்டில் இருக்கும். அண்ணன் டார்ச் அடித்துப் படித்தான், நான் லேப்டாப்பில் அடித்தேன். இரைச்சலில் தொண்டை கிழிந்தது.

"ஓ!" என்று கத்தினான்.

"ஓ-வா, சைபரா?"

"முட்டை!"

"எந்த முட்டை?"

"ரெண்டும் முட்டைதானே மேடம்!"

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். கொஞ்ச நேரம் மேடமும் இல்லை, மொட்டைப் பேச்சும் இல்லை. அப்பா வாங்கி வந்த ரேடியோவை இருவரும் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் முழித்தோமே, அந்த மாதிரி இருந்தது.

எல்லாம் போட்டு முடித்து, லேப்டாப்பிலிருந்து கடைக்குட்டியை அணைத்துக் காட்டினேன். அதன் இரைச்சல் அடங்கியது. அண்ணன் பதறிப்போய்ப் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"தொட வேணாம். பாரு" என்றேன்.

ஒரு கிளிக். எதிரே கடைக்குட்டி உயிர் பெற்று விசிறியைச் சுழற்ற, விளக்கு பச்சையாக எரிந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான். தொழில் தெரிந்தவன், அவனுக்குச் சந்தோஷம்.

"அப்ப இனிமே நான் ஏறி வர வேணாம்?" என்று கேட்டான்.

"வேணாம். இனிமே யாருமே வேணாம். அதுக்குத்தானே இதை மாட்டினது."

அவன் முட்டியை நினைத்துத்தான் சொன்னேன், சத்தியமாக. ஆனால் யாருமே என்ற சொல் என் வாயிலிருந்து வெளியே போன பிறகுதான் எனக்கே கேட்டது. அவன் தலையாட்டினான். "நல்லதுங்க மேடம்" என்றான். மீதிக் கேபிளை வளையமாகச் சுற்றி, பட்டி போட்டுக் கட்டி, ஓரமாக வைத்தான்.

அண்ணி எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருந்தாள். கீழே ஜெனரேட்டர் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "வீட்டுக்கு வந்துட்டுப் போலாமே" என்றான், அவனும் நீ நீங்க இல்லாமல். ரயில் இருக்கு என்றேன். அதற்கு அடுத்த ரயிலும் இருந்தது. இதை இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

ஊர் திரும்பி, மறுநாள் ஆபீஸிலிருந்து மூன்று கார்டுகளையும் கூப்பிட்டுப் பார்த்தேன். மூத்தவன் பதில் சொன்னான், நடுவான் சொன்னான். கடைக்குட்டி வாயே திறக்கவில்லை. கொஞ்சம் யோசித்ததும் பிடிபட்டது. கார்டுக்கு முகவரி கொடுக்கும்போது கேட்வே என்று ஒரு எண்ணும் கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரருக்குப் பதில் சொல்ல எந்த வாசல் வழியாகப் போவது என்று கார்டுக்குச் சொல்லும் எண் அது. முட்டைச் சிரிப்பில் கடைக்குட்டிக்கு மட்டும் அதைக் காலியாக விட்டிருக்கிறேன். அதே அறையில் நின்று சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களோடு பேச வாசல் தேவையில்லையே. வெளியிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்காமல் கிளம்பி வந்தது, இந்தத் தொழிலில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பண்ணுகிற தப்பு.

சரி செய்வது சுலபம். மூத்தவன் வழியாக உள்ளே போய், அங்கிருந்து கடைக்குட்டியின் கார்டைப் பிடித்து, அந்த எண்ணை அடித்தேன். மேஜையில் டீ ஆறுவதற்குள் முடிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு டீயைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அண்ணனைக் கூப்பிட எனக்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்திருந்தது. மாடி ஏற வைத்திருக்கக்கூட வேண்டாம். "அண்ணா, நம்ம ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல ஒண்ணை மறந்துட்டேன்" என்று சொல்லியிருக்கலாம், அதைத் தொடர்ந்து மற்றதையும் சொல்லியிருக்கலாம். விரல் முந்திக்கொண்டது.

அதற்குப் பிறகு கடைக்குட்டி மக்கர் பண்ணும்போதெல்லாம் நானே அணைத்து நானே போட்டேன். மாநாடு கூட்டம் போட்டு எனக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்தார். போனில் அண்ணன் பெயர் கீழே கீழே இறங்கி, தேடினால்தான் கிடைக்கும் என்று ஆனது. அவனும் கூப்பிடவில்லை. யாருமே வேண்டாம் என்று சொன்னவளை எதற்குக் கூப்பிடுவான்?

ஒரு நாள் பிற்பகல், வேலை ஒன்றும் ஓடவில்லை. இன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க மேடம். என்னாச்சு?"

சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு வரவில்லை. பழக்கப்பட்ட வாய், "கடைக்குட்டி பதில் சொல்லல" என்று புளுகியது.

"அந்தத் தனி கேபிள்ல போய்ப் பாத்தீங்களா?"

"அதுவும் வரல."

"அய்யோ, இருங்க, இதோ போறேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் போல. துணி உரசும் சத்தம் கேட்டது. அடுத்து படி. ஒரு கால், இழுத்து வைத்த இன்னொரு கால், மூச்சு. அப்போதுதான் எனக்கு அந்த முட்டி ஞாபகம் வந்தது. "வேணாம், நில்லு! அண்ணா, நில்லு, ஏறாதே!" என்று கத்தினேன். என் பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள். சட்டைப் பைக்குள் இருக்கும் போனில் யார் கத்தி யாருக்குக் கேட்கும்? கால், இன்னொரு கால், மூச்சு. நாலு மாடியும் என் காதுக்குள் ஏறினான். நடுவில் ஓரிடத்தில் நின்று "அம்மா" என்று முனகினான். வைத்துவிடவும் மனம் வரவில்லை, கேட்கவும் முடியவில்லை.

கதவு திறந்தது. பழைய இரைச்சல். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"பச்சைதானே எரியுது மேடம்!"

இதற்கு மேல் புளுக எனக்குத் தெம்பு இல்லை. போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பக்கத்து மேஜைக்காரியைப் பற்றிக் கவலைப்படாமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, சர்வர் நல்லாத்தான் இருக்கு. நான் சும்மா கூப்பிட்டேன். எனக்கு உன் மேல கோபம் இல்லண்ணா. அப்பா விஷயத்துல கூட இல்ல. எப்பவோ போயிடுச்சு."

"ஆமா, இல்ல!" என்று அவன் கத்தினான். "ஆரஞ்சு இல்ல! பச்சைதான்! மூணும் பச்சை! அமுக்கவா?"

"வேணாம்! அமுக்காதே!"

இது மட்டும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. "சரி சரி, அமுக்கல" என்றான்.

"கீழ போகணும்" என்றேன்.

இறங்கும்போதும் வைக்கவில்லை. இறங்குவது ஏறுவதைவிட மோசமாக இருந்தது. கீழே போய், நாற்காலி இழுபடும் சத்தம், அவன் அப்பாடா என்று உட்காரும் சத்தம். இப்போது இரைச்சல் இல்லை. ஊசி விழுந்தால் கேட்கும்.

"வந்திடுச்சுங்களா மேடம்?"

"வந்திடுச்சு."

"மேல என்னமோ நீளமா சொன்னீங்க. அந்தச் சத்தத்துல ஒண்ணும் பிடிபடல. என்ன சொன்னீங்க?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தான். நிஜமாகவே காத்திருந்தான், அவன் மூச்சு எனக்குக் கேட்டது. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்ததை அப்போதுதான் முழுவதும் கொட்டியிருந்தேன். இரண்டாவது தடவை சொல்ல உள்ளே ஒன்றுமே மிச்சம் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்ல. நன்றி சொன்னேன்."

கூடப் பிறந்தவனுக்கு நன்றி. கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் சொல்வது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

"பரவாயில்லங்க மேடம்" என்றான். "ஒண்ணு மட்டும் சொல்லட்டுங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் படியே ஏறக்கூடாதுன்னுட்டார். அந்தக் கேபிள்ல என்ன கோளாறுன்னு ஒரு தடவை நல்லா பாத்துச் சரி பண்ணிடுங்க. அப்புறம் என்னைக் கூப்பிட வேண்டி வராது பாருங்க."

பார்த்துச் சரி பண்ணிவிடுகிறேன் என்றேன். கேபிளில் ஒரு கோளாறும் இல்லை.